காரணம்: பவர் ஃபெயிலியர்

1. கேட்டில் நின்ற வண்டி

"மேடம், கேட்ல நின்னுக்கினு கீறேன். உங்க ஃபார்ம் இன்னும் சிஸ்டத்துல ஏறலன்றான். பின்னாடி பதினஞ்சு வண்டி ஹாரன் அடிக்கிறான். இன்னா பண்ணட்டும்?"

மதியம் மூன்று மணி இருக்கும். காட்டுப்பள்ளி துறைமுக வாசலில் இருந்து டிரைலர் டிரைவர் பேசினார். நான் கவரைப்பேட்டையில், வாடகை வீட்டு மாடியில், எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மோடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு விளக்கில் மூன்று எரிந்தன. 'ஆன்லைன்' என்ற விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம். வண்டிய ஓரமா போட்டுக்கோங்க."

"ஓரம் எங்க மேடம் கீது இங்க? கடல்லதான் ஓரம் கீது. அதுல எறக்கட்டுமா?"

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இப்போது இதே வேலையைத்தான் கற்றுக்கொள்கிறீர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் ஏற்றிய கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போவதற்கு முன் அதன் நம்பர், சீல் நம்பர், எடை, கப்பலின் பெயர் எல்லாவற்றையும் துறைமுகத்தின் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் கேட் திறக்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குப் பிறகு வரும் கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்று கட்-ஆஃப் நான்கு மணி. நெட் திரும்பி வந்தபோது மூன்றரை. கம்பெனி நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஏற ஐந்து நிமிடம். போர்ட்டல் பழைய செஷனை மறக்காமல், "ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்" என்றது. அந்த ஒருவர் நான்தான். அது விட்டதும், மறுபடி நுழைந்து, முதலிலிருந்து நிரப்பி முடித்தபோது நான்கு ஏழு. டிரைவருக்குப் போன் செய்து சொன்னேன். "சரி மேடம், வண்டிய திருப்புறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதுதான் முதல் தவறு. மூன்றாவது நடந்தால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி போய்விடும்.

பிரசவ விடுப்பு முடிந்ததும், மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க மேனேஜர் ரகு சார் மேலிடத்தில் பேசி வாங்கிக் கொடுத்திருந்தார். பரீட்சார்த்தமாக. சரியாக நடந்தால் தொடரலாம். வீட்டு நெட்டால் மூன்று கட்-ஆஃப் தவறினால் திரும்ப ஆபீஸ். என் கணவருக்கு ஸ்டீல் கம்பெனியில் மாறி மாறி ஷிஃப்ட். இங்கே இருக்கும் குழந்தைகள் காப்பகம் இரண்டு வயது முடிந்தால்தான் சேர்க்கும். அம்மா இருப்பது ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில். நெல்லும் மாடும், கீழே விழுந்ததிலிருந்து எழுந்து நடக்க முடியாத அப்பாவும் அவள் பொறுப்பு. அவளால் இங்கே வந்து தங்க முடியாது. குழந்தையை வேண்டுமானால் அங்கே கொண்டுபோய் விடலாம். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர், அங்கிருந்து திருத்தணி, அங்கிருந்து இன்னொரு பஸ். வாரத்தில் ஒரு நாள் பார்க்கலாம்.

அதனால் அந்த மூன்று என்ற எண் எனக்கு மித்ராவைக் குறித்தது. மித்ரா என் மகள்.

2. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. டிவி கேபிள் வரும் அதே கம்பியில் நெட் தரும் ஒரே ஒரு ஆபரேட்டர்தான். மொபைல் டேட்டா வீட்டுக்குள் ஒரு கோடு காட்டும். மொட்டை மாடிக்குப் போனால் நான்கு கோடு. ஆனால் விபிஎன் அதில் நிற்காது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்துவிடும்.

நெட் போனதும் கஸ்டமர் கேருக்குப் போன் செய்வேன். அங்கே எடுக்கும் பெண் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வாள்.

"மோடம ஆஃப் பண்ணி, முப்பது செகண்ட் வெய்ட் பண்ணி, ஆன் பண்ணுங்க மேடம்."

செய்வேன். முப்பது வரை எண்ணுவேன். சந்தேகமாக இருந்தால் நாற்பது வரை எண்ணுவேன். சில நாள் போன் செய்யாமலே நானே செய்துவிடுவேன். இரண்டு மூன்று முறை. கால் மணி, இருபது நிமிடம், சில சமயம் முக்கால் மணி கழித்து நெட் வரும். நான் செய்ததால்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

வந்த பிறகு மறுபடி போன் செய்து, ஏன் போனது என்று கேட்பேன்.

"எங்க சைடு எல்லாம் ஓகே மேடம். உங்க மோடம் பவர் ஆஃப் ஆகி ஆன் ஆயிருக்குன்னு காட்டுது. கஸ்டமர் சைடு பவர்னு டிக்கெட்ட குளோஸ் பண்ணிட்டேன்."

"நீங்க சொன்னதாலதானே ஆஃப் பண்ணேன்?"

"ஆமா மேடம். ஆனா ஆஃப் ஆனதா காட்டுது மேடம்."

இது எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. மோடத்துக்குள் ஒரு பக்கம் இருக்கிறது. சிக்னல் எப்போது போனது, எப்போது வந்தது என்று அதுவே எழுதிவைக்கும். எங்கள் மோடம் பழைய மாடல். ஆஃப் செய்தால் அந்தப் பக்கம் அழிந்துவிடும். அவள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு நான் ஒவ்வொரு முறையும் சாட்சியை அழித்துக்கொண்டிருந்தேன். மிஞ்சியது ஒரே ஒரு தகவல்: கஸ்டமர் தானே ஆஃப் செய்தார்.

அதற்குள், தவறு என் வீட்டில்தான் என்று நானே நம்பிவிட்டேன். 'கஸ்டமர் சைடு பவர்' என்று பத்து முறை கேட்டால் யாரும் நம்புவார்கள். அடாப்டரை மாற்றினேன். மோடத்தை வேறு பிளக்கில் சொருகினேன். மித்ரா தவழ ஆரம்பித்திருந்தாள். அவள் கேபிளை இழுத்திருப்பாளோ என்று அதைச் சுவரோடு கிளிப் அடித்தேன். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டேனா, இஸ்திரிப் பெட்டி போட்டேனா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். போடவில்லை என்று தெரிந்தும் யோசிப்பேன்.

லைனைப் பார்க்கும் தாமு அண்ணன் நான்கு முறை வந்தார். நல்ல மனிதர். மீட்டரைச் சொருகிப் பார்ப்பார்.

"லெவல் சூப்பரா கீது மேடம். இதுக்கு மேல நல்ல சிக்னல் குடுக்கணும்னா சாட்டிலைட்ல இருந்து நேரா கம்பி இழுக்கணும்."

"நீங்க வரும்போது நல்லாத்தான் இருக்குண்ணே. போனதும் போயிடுது."

"அப்ப நான் இங்கியே குந்திக்கிறேன். நாஷ்டா மட்டும் குடுத்துடுங்க."

சிரித்துக்கொண்டே கனெக்டரை மாற்றிவிட்டுப் போவார். மறுநாள் மறுபடி போகும்.

3. பனி என்று நினைத்தேன்

என் சின்ன நாத்தனார் பி.இ. படிக்கிறாள். அவள்தான் நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னாள். ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, போன நேரம், வந்த நேரம், அப்போது வீட்டில் என்ன ஓடியது, வெளியே வெயிலா மழையா.

மூன்று வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலையில் பத்துக்கு மேல் ஒரு முறை. மதியம் இரண்டே முக்காலை ஒட்டி ஒரு முறை. ஆனால் எல்லா நாளும் இல்லை. நான்கு நாள் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரே நாளில் நான்கு முறை. நான்கு முறை போன நாட்களைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். எல்லாமே பனி மூட்டமான நாட்கள். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துப் புகை மேலே போகாமல், காலை ஒன்பது வரைக்கும் தெருவிலேயே தேங்கி நிற்கும் நாட்கள்.

எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பனி! கனெக்டருக்குள் ஈரம் இறங்குகிறது. வெயில் ஏறியதும் ஆவியாகும்போது சிக்னல் கெடுகிறது. தாமு அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். அவரும் அசந்து போனார்.

"எங்க ஆபீஸ்ல வேலைக்கு வந்துடுங்க மேடம். எங்காளுங்க எவனும் இப்படி எழுத மாட்டான்."

என் வீட்டிலிருந்து கம்பம் வரை எல்லா இணைப்பையும் கழற்றி, துடைத்து, பசை தடவி, டேப் சுற்றினார். இரண்டு மணி நேரம் ஏணியில் நின்றார். அதற்குப் பிறகு ஐந்து நாள் நெட் நிற்கவே இல்லை. ரகு சாருக்கு மெயில் போட்டேன்: பழுது கண்டுபிடிக்கப்பட்டது, சரி செய்யப்பட்டது.

ஆறாம் நாள் பனி. காலையிலேயே போனது. மதியம் போனது. ஒரே டிரைலரில் வந்த இரண்டு கன்டெய்னர்கள் கட்-ஆஃபைத் தவறவிட்டன. அதை ஒரே சம்பவமாகத்தான் கணக்கில் எடுத்தார்கள், ரகு சார் தயவில்.

"சரி பண்ணிட்டேன்னு மெயில் போட்டீங்களே ரேவதி?"

"பண்ணோம் சார்."

"நிச்சயமா தெரியாம எழுதாதீங்க. நான் அதை அப்படியே மேல ஃபார்வர்ட் பண்ணிட்டேன்."

அதற்குப் பிறகு எதையும் நிச்சயமாக எழுத எனக்குக் கை வரவில்லை. இதை நினைவில் வையுங்கள். பின்னால் நடந்ததற்கு இது ஒரு காரணம், நியாயம் இல்லாவிட்டாலும்.

4. டிவியும் போவுது

மூன்றாவது தவறு, பரீட்சார்த்தமான அந்த மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நடந்தது.

மதியம் இரண்டு நாற்பது. ஃபார்மில் சீல் நம்பரை அடித்துக்கொண்டிருந்தேன். விளக்கு மின்னியது. அன்று மோடத்தைத் தொடவில்லை. லேப்டாப்பை ஒரு கையிலும் மித்ராவை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் அவளை உட்கார வைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றேன். விபிஎன் ஏறியது, விழுந்தது. ஏறியது, விழுந்தது. வெயிலில் திரை தெரியவில்லை. மித்ரா தொட்டி அடியில் இருந்த பாசியை எடுத்து வாயில் வைத்தாள். அதைப் பிடுங்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது போர்ட்டல் என்னை வெளியே தள்ளியிருந்தது. அன்று கட்-ஆஃப் மூன்று மணி. நேரத்தைப் பார்த்தேன். மூன்று.

படியில் இறங்கி வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. ஆர்.கே.பேட்டைக்கு எந்தப் பையை எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கீழ் வீட்டில் இருந்து ஹவுஸ் ஓனர் சரோஜா அக்கா ரிமோட்டோடு வெளியே வந்தார்.

"இன்னாம்மா படில குந்திக்கினு கீற? உன் ஊட்லயும் கேபிள் போச்சா?"

"நெட் போச்சுக்கா."

"நெட்டு இன்னாமோ எனக்குத் தெரியாது. எனக்கு டிவி போச்சு. டெய்லி இதே பேஜாரு. சரியா அந்த மாமியாக்காரி வாயத் தொறக்குற நேரத்துல போவுது. அவ இன்னா சொன்னான்னு மூணு மாசமா எனக்குத் தெரியாது."

"டெய்லி போகுதா? என்கிட்ட சொல்லவே இல்லியேக்கா."

"நீ கேட்டியா? நீதான் கதவ சாத்திக்கினு கம்ப்யூட்டராண்ட பேசிக்கினு கீறியே."

கேட்கவில்லைதான். குழந்தை அழும் சத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு முறை குறை சொல்லியிருந்தார். இன்னொரு தொல்லை எதற்கு என்று நான் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. மூன்று மாதம் என் வீட்டுக்குள் தேடினேன். ஒரு மாடி இறங்கி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கீழ் வீட்டு டிவியும் என் நெட்டும் சேர்ந்து போகிறதென்றால் பழுது இரண்டு வீட்டுக்கும் முன்னால், வெளியே, எங்கோ இருக்கிறது.

"அக்கா, இந்தக் கேபிள் எங்கேர்ந்து வருது?"

"அதோ, பின்னாடி தெருலேர்ந்து. அங்க ஒரு ஊட்டு செவுத்துல பொட்டி மாட்டி வெச்சிகிறான் தாமு."

மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, கம்பியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கம்பம் கம்பமாக. ஒரு முருங்கை மரத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. பின் தெருவில் ஆறாவது வீட்டு வெளிச்சுவரில், ஜன்னலுக்கு மேலே, சாம்பல் நிறப் பெட்டி. ஆம்ப்ளிஃபையர். தூரம் வரும் சிக்னலை வலுவாக்கி எங்கள் தெருவுக்கு அனுப்புவது அதுதான். அதற்குக் கரன்ட் வேண்டும். கம்பத்தில் பிளக் பாயிண்ட் இல்லாததால் ஏதாவது ஒரு வீட்டில் இருந்து எடுப்பார்கள். அந்த வீட்டு ஓனருக்குக் கேபிள் இலவசம். எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் இப்படித்தான். பெட்டியில் இருந்து இறங்கிய கறுப்பு ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே போனது.

பெட்டியில் விளக்கு எரியவில்லை.

5. அந்த ஒரே பிளக் பாயிண்ட்

கதவு திறந்திருந்தது. உள்ளே மோட்டார் மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரே அறை. என் வயதுப் பெண் ஒருத்தி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் முகத்தில் நெபுலைசர் மாஸ்க். வெள்ளைப் புகை மாஸ்க்கின் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது. குழந்தை மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போனது.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் போர்டு. அதில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் நெபுலைசர். கீழே தரையில், ஜன்னல் வழியாக வந்த ஒயரின் முனையில், ஒரு கறுப்பு அடாப்டர் கிடந்தது.

"யாருக்கா? இன்னா வேணும்?"

அந்த அடாப்டரை மாட்டு என்று சொல்லத்தான் நான் அத்தனை தூரம் வந்திருந்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. மருந்து தீரும் வரை கதவருகிலேயே நின்றேன். மித்ரா அந்தச் சத்தத்தைக் கேட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் பவானி. தீபாவளிக்குப் பிறகு குழந்தைக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. காலை, மதியம், ராத்திரி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நன்றாக இருக்கும் நாளில் வைப்பதில்லை. பனி விழுந்து புகை நிற்கும் நாளில் நான்கு முறை.

"அந்த அடாப்டர எடுத்துட்டுத்தான் இத சொருகணுமா? ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டா ரெண்டும் ஓடுமே?"

"போடக் கூடாதுக்கா. பொட்டி மாட்டும்போதே தாமு அண்ணன் சொல்லிட்டாரு, இது கூட சேத்து எதையும் சொருகாத, பொட்டி பூடும்னு. அதான் அத எடுத்து வெச்சிட்டு இத போடுவேன். முடிஞ்சதும் மறக்காம மாட்டிடுவேன். ஒரு நாள் கூட மறந்ததில்ல."

சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தாள். முப்பது வரை எண்ணிய எனக்கு அவளிடம் என்ன கோபம் வரும்? தாமு அண்ணன் சொன்னது இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் மாதிரி இழுக்கும் சாமான்களை. அதை அவரும் விளக்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

"இதால எங்க தெருல நெட்டு, டிவி எல்லாம் போகுதும்மா."

அவள் முகம் மாறியது.

"ஐயோ. கொஞ்ச நேரம் எடுத்தா தெருவுக்கே போவும்னு எனக்குத் தெரியாதுக்கா. அக்கா, யாராண்டையும் சொல்லாதீங்கக்கா. பொட்டிய வெக்கச் சொன்னது எங்க ஓனரு. நான் பிளக்க புடுங்குறேன்னு தெரிஞ்சா ஊட்ட காலி பண்ண சொல்லிடுவாரு. போன ஊட்லயே புள்ள இருமுதுன்னுதான் அனுப்சாங்க. மூச்சு வாங்குற புள்ளைய வெச்சிக்கினு எனக்கு வேற ஊடு யாருக்கா குடுப்பா?"

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

வீட்டுக்குப் போய், என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வந்து மாட்டினேன். அடாப்டர் ஒன்றில், நெபுலைசர் ஒன்றில். வெளியே போய்ப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு. நெபுலைசரை ஓடவிட்டுப் பார்த்தேன். பச்சை. நிறுத்திப் பார்த்தேன். பச்சை. பத்து முறை பார்த்திருப்பேன்.

அன்றிலிருந்து அந்த லைன் நிற்கவில்லை.

6. இரண்டு சொல்

அன்று மாலையே இன்சிடென்ட் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். உங்களுக்கும் அந்தப் படிவம் தெரியும். சம்பவம், நேரம், காரணம், மீண்டும் நடக்காமல் இருக்க எடுத்த நடவடிக்கை. வீட்டு நெட் சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டின் நகல் அந்த நெட் கம்பெனிக்கும் போகும், அது நம் ஆபீஸ் வழக்கம். அவர்கள் தாமு அண்ணனைக் கேட்பார்கள். தாமு அண்ணன் பவானியின் ஓனரைக் கேட்பார்.

'காரணம்' கட்டத்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் அவள் வீடு போகும். பழுது தீர்ந்ததைக் காட்டினால் ரகு சார் எனக்காகப் பேசுவார்; எழுதாவிட்டால் என் குழந்தை போகும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. போன முறை நிச்சயமாக எழுதிப் பட்டதும் நினைவில் இருந்தது. கடைசியில் எழுதினேன்:

காரணம்: பவர் ஃபெயிலியர்.
நடவடிக்கை: ஆபரேட்டரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்.

பொய் இல்லை. அடாப்டருக்குப் பவர் போனது உண்மைதான்.

மறுநாள் ரகு சார் போன் செய்தார்.

"ரேவதி, பவர் ஃபெயிலியர்னு போட்டிருக்கீங்க. அந்த ஏரியால கரன்ட் போறத நாம என்ன பண்ண முடியும்? நாளைக்கும் போகும்."

"இனிமே போகாது சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

ரிப்போர்ட்டைத் திறந்து 'காரணம்' கட்டத்தைப் பார்த்தேன்.

"பாருங்க, எனக்கு நீங்க வீட்ல இருந்து பண்றதுதான் வசதி. உங்க அளவுக்கு ஃபார்ம்ல தப்பில்லாம பண்றவங்க இங்க இல்ல. ஆனா சரக்கு அனுப்புற கிளையண்ட் கேக்குறான், என்ன மாறியிருக்குன்னு. எனக்கு எழுத்துல ஏதாவது குடுங்க. ஒரு வரி."

"...இல்ல சார். அவ்வளவுதான் சார்."

"அப்ப நான் என்ன ஃபார்வர்ட் பண்றது?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்தார். அன்று மாலையே மெயில் வந்தது. திங்கட்கிழமையில் இருந்து ஆபீஸ்.

7. பஸ்ஸில் தோன்றியது

சனிக்கிழமை மித்ராவை ஆர்.கே.பேட்டையில் விட்டேன். ஞாயிறு மதியம் தனியாகத் திரும்பினேன். திருத்தணியில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் அந்த வரி தானாக வந்தது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி.

"தெரு ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் மின் இணைப்பு, தனிப் பிளக் பாயிண்ட் இல்லாததால் பகலில் சில முறை துண்டிக்கப்பட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பொருத்தி நிரந்தர இணைப்பு தரப்பட்டுள்ளது. சோதிக்கப்பட்டது."

இதில் பவானி இல்லை. வீட்டு நம்பர் இல்லை. பிளக்கைப் பிடுங்கியது யார் என்று இல்லை. பழுது இருக்கிறது, அது தீர்ந்ததும் இருக்கிறது. நெட் கம்பெனிக்காரன் படித்தாலும், சரி, முடிந்தது என்று ஃபைலை மூடியிருப்பான். ரகு சார் கேட்டது ஒரு வரிதான். இது மூன்று வரி.

திங்கட்கிழமை அவரிடம் சொன்னேன். ஆளைச் சொல்லாமல், இந்த மூன்று வரியை மட்டும்.

"இத அன்னிக்கே எழுதியிருக்கலாமே ரேவதி."

"தோணல சார்."

"நான் காத்துட்டிருந்தேனே."

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதியையே அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள், எனக்கு மட்டுமல்ல, பிரிவு முழுக்க. கிளையண்டின் மெயிலில் என் ரிப்போர்ட்டை இணைத்திருந்தார்கள். அந்த இரண்டு சொல்லுக்கு மஞ்சள் நிறம் அடித்திருந்தார்கள்.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மோடத்தைத் தொடும் முன் நேரத்தை எழுதுங்கள், விளக்கைப் படம் எடுங்கள். கீழ் வீட்டில் கேளுங்கள், அவர்கள் சிடுசிடுத்தாலும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், அதற்குக் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். ரிப்போர்ட்டில் ஆளை எழுத வேண்டியதில்லை, பழுதை எழுதினால் போதும். இரண்டும் ஒன்று என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். நான் ஒருத்தியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பயந்துபோயிருந்தேன். இன்றைக்கும் எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பவானி அதே வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தைக்குப் பரவாயில்லை. என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. வழியில் பார்த்தால், "பாப்பா எங்கக்கா, காணமே?" என்பாள். ஊரில் இருக்கிறாள் என்பேன்.

மித்ராவுக்கு இரண்டு வயது முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். முதல் மாதம் நான் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் கேட்கும்படி அழுதாள். இப்போது அழுவதில்லை. அம்மாவின் இடுப்பில் இருந்தபடி எனக்குக் கையாட்டுகிறாள். அம்மாதான் பழக்கியிருக்கிறாள்.